கொடைக்கு ஒரு பாடி, கூந்தன்குளத்துக்கு ஒரு பாடி

கேள்வி:

அண்ணாச்சிக்கு வணக்கம். நாங்குநேரிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன் நான். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடைத் திருவிழா என்று படம் எடுத்துப் பிழைப்பு ஓடுகிறது. நேரம் கிடைத்தால் கூந்தன்குளத்துக்குப் பறவை எடுக்கப் போவேன். கையில் இருப்பது நிக்கான் டி7200. லென்ஸ் ஐந்து: கேமராவோடு வந்த 18-140, அப்புறம் 35 எஃப் 1.8 டிஎக்ஸ், 50 எஃப் 1.8 ஜி, எங்கள் ஊர் பழைய ஸ்டுடியோக்காரர் கடையை மூடும்போது கொடுத்த 85 எஃப் 1.8 டி, கடன் பட்டு வாங்கிய 200-500 எஃப் 5.6.

எனக்கு மூன்று குறை. நடுச்சாமத்தில் நடக்கும் சாமக்கொடையில் எடுக்கும் படம் மணல் தூவினது மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறது. மண்டபத்தில் எடுக்கும் படங்களில் சில சமயம் குறுக்கே கறுப்பாகப் பட்டை விழுகிறது. கூந்தன்குளத்தில் தூரத்தில் நிற்கும் வரித்தலை வாத்து எவ்வளவு முயன்றும் துலக்கமாக வரமாட்டேன் என்கிறது. ஜங்ஷனில் ஒரு கடையில் கேட்டேன். எல்லாமே கிராப் சென்சாரால், அதாவது டி7200-இல் இருக்கும் சின்ன சென்சாரால் வருவது, இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டுப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) மாறிவிடுங்கள் என்றார்கள். என்னிடம் ஒரு லட்சம் இருக்கிறது. மாறட்டுமா?

பதில்:

தம்பி, எதையும் கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுதான் சென்சார் அளவோடு சம்பந்தப்பட்டது. மற்ற இரண்டும் ஃபுல் ஃபிரேம் வாங்கினால் மட்டும் போய்விடாது. கடைக்காரர் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கப் பார்த்திருக்கிறார். அவர் வியாபாரம் அது, குறை சொல்வதற்கில்லை. நாம் மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம்.

மண்டபத்துப் பட்டையிலிருந்து தொடங்குகிறேன், அது சுலபம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் விளக்கு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். பழைய குண்டு பல்பில் கம்பி ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும், அதனால் ஒன்றும் தெரியாது. மலிவான எல்இடியில் அந்தத் துடிப்பு அப்படியே தெரியும். நீங்கள் 500-ல் ஒரு பங்கு விநாடி வைத்து எடுக்கும்போது ஷட்டர் திரை சென்சார் முழுவதையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஒரு சின்ன இடைவெளி மேலிருந்து கீழே ஓடுகிறது. அது ஓடும் நேரத்துக்குள் விளக்கு மங்கினால் அந்த இடத்தில் பட்டை விழும். ஷட்டரை 100-ல் ஒன்று அல்லது 50-ல் ஒன்று என்று வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் அதன் துடிப்புக் கணக்கே வேறு. முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் இரண்டு மூன்று ஷட்டர் வேகத்தில் சோதனைப் படம் எடுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விளக்குத் துடிப்பைக் கவனித்து அதற்கு ஏற்ற நொடியில் ஷட்டரைத் திறக்கும் வசதி நிக்கான் டி500, டி7500 பாடிகளில் (லென்ஸ் நீங்கலான கேமரா) இருக்கிறது. இரண்டும் கிராப் சென்சார். நான் கீழே உங்களுக்குச் சொல்லப்போகும் ஃபுல் ஃபிரேம் டி750-ல் வ்யூஃபைண்டர் வழியாகப் படம் எடுக்கும்போது அந்த வசதி கிடையாது. மிரர்லெஸ் வாங்கி, சத்தம் வரக்கூடாதென்று எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் பட்டை இன்னும் கூடும்.

அடுத்தது வாத்து. கூந்தன்குளத்துக்கு எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். வெயில் ஏறியதும் கரைக்கும் வாத்துக்கும் நடுவில் இருக்கிற காற்று கொதிக்க ஆரம்பித்துவிடும். 500 மி.மீ.-இல் அந்தக் கானல் முழுவதையும் பெரிதாக்கித்தான் பார்க்கிறோம். எவ்வளவு விலை கொடுத்த கேமராவும் கானலைக் கடந்து கூர்மை தராது. வ்யூஃபைண்டரில் தூரத்துக் கரை நெளிவது தெரிந்தால் அன்றைய தூரத்துப் படங்கள் முடிந்தன என்று வைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிடுங்கள். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அந்த ஊரில் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அங்கே 200 மி.மீ.-யே தாராளம், காற்றும் குறுக்கே கொஞ்சம்தான். வாத்து வேண்டுமென்றால் பொழுது விடியும்போது கரையில் இருக்க வேண்டும்.

கானல் இல்லாத நேரத்தில் எந்தப் பாடி நல்லது? இங்கேதான் கடைக்காரர் உங்களுக்குப் பெரிய நஷ்டம் வைக்கப் பார்த்தார். வரித்தலை வாத்து ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளம். 150 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று கொள்வோம். 500 மி.மீ. லென்ஸ் அதன் பிம்பத்தை சென்சார் மேல் இரண்டரை மி.மீ. நீளத்துக்கு வரையும். சென்சார் சின்னதா பெரிதா என்பது லென்ஸுக்குத் தெரியாது, பிம்பம் அதே இரண்டரை மி.மீ.தான். டி7200-இல் ஒரு பிக்சலின் அகலம் 3.9 மைக்ரான். ஆகவே வாத்தின் நீளத்துக்கு 640 பிக்சல் கிடைக்கும். டி750-உம் அதே 24 மெகாபிக்சல்தான், ஆனால் அவை பெரிய சென்சாரில் பரவிக் கிடக்கின்றன. ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 6 மைக்ரான். அதே வாத்துக்கு 420 பிக்சல்தான். பரப்பாகக் கணக்கிட்டால் உங்கள் பழைய டி7200 தூரத்துப் பறவை மேல் 2.3 மடங்கு அதிக பிக்சல் வைக்கிறது.

கிராப்பில் 500 மி.மீ. 750 ஆகிவிடும் என்று சொல்வார்கள். ஆகாது, 500 எப்போதும் 500தான். நடுப்பகுதியை மட்டும் எடுப்பதால் ஃபுல் ஃபிரேமில் 750 போட்டால் எவ்வளவு இடம் தெரியுமோ அவ்வளவு இடம் தெரிகிறது. உண்மையான லாபம் நான் மேலே சொன்ன பிக்சல் நெருக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் 45.7 மெகாபிக்சல் உள்ள டி850-இல் நடுப்பகுதியை மட்டும் வெட்டினாலும் 19 மெகாபிக்சலுக்கு மேல் நிற்கிறது. அது உங்கள் லட்சத்துக்குள் அடங்கும் கேமரா அல்ல, விட்டுவிடுவோம். பறவைக்கு உங்கள் டி7200-உம் 200-500-உம் பொருத்தமான ஜோடி. அதைப் பிரிக்க வேண்டாம்.

இனி கொடை. இங்கே உங்கள் புகார் நியாயம்தான், ஃபுல் ஃபிரேமும் உண்மையாகவே உதவும். எவ்வளவு உதவும் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. அளவு. லைக்கா 1925-இல் விற்பனைக்கு வந்தபோது சினிமா ஃபிலிமைப் படுக்கை வாட்டில் ஓடவிட்டு எடுத்த அளவு அது. நம் ஸ்டுடியோக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ஃபிலிமில்தான் தொழில் செய்தார்கள், யாரும் அதை ஃபுல் ஃபிரேம் என்று சொல்லிப் பெருமைப்பட்டதில்லை. உங்கள் டி7200 சென்சார் 23.5-க்கு 15.6. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: ஒன்று 864 சதுர மி.மீ., மற்றது 367. ஏறக்குறைய 2.4 மடங்கு.

மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டாவையும் குண்டானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்துக்குத்தான் ஏறும். ஆனால் அண்டாவில் சேர்ந்த தண்ணீர் அதிகம். அதே அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது), அதே ஷட்டர், அதே ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) வைத்தால் இரண்டு கேமராவிலும் படம் ஒரே வெளிச்சத்தில்தான் வரும். ஃபுல் ஃபிரேமில் மொத்தமாகச் சேர்ந்த வெளிச்சம் 2.4 மடங்கு என்பதால் புள்ளி குறையும். கணக்கில் சொன்னால் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் (வெளிச்சம் இரண்டு மடங்கானால் அது ஒரு ஸ்டாப்). உங்கள் டி7200-இல் ஐஎஸ்ஓ 2800 வைத்தால் எந்தத் தரத்தில் வருகிறதோ, அதே தலைமுறை ஃபுல் ஃபிரேமில் 6400-இல் கிட்டத்தட்ட அந்தத் தரம் வரும். இதுதான் முழு லாபம். இருட்டைப் பகலாக்கும் மாயம் எதுவும் இல்லை.

இந்த ஒரு ஸ்டாப்பும் எல்லா இடத்திலும் கிடைக்காது. கல்யாண வீட்டில் மூன்று வரிசையில் சொந்தக்காரர்களை நிறுத்திக் குடும்பப் படம் எடுக்கிறீர்கள். முன்வரிசைப் பாட்டியிலிருந்து பின்வரிசை மாமா வரை துலக்கமாக வர டி7200-இல் எஃப் 5.6 வைப்பீர்கள். ஃபுல் ஃபிரேமில் அதே ஆட்களை அதே அடைப்பில் எடுத்தால் ஃபோகஸின் ஆழம் குறையும், எஃப் 8-க்குப் போக வேண்டும். ஒரு ஸ்டாப் வெளிச்சம் போயிற்று. ஐஎஸ்ஓவை ஏற்றினால் லாபம் முழுக்கக் கரைந்துவிடும். ஃபிளாஷைக் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் தீரும், அடுத்த படத்துக்கு ஃபிளாஷ் தயாராகவும் நேரமாகும். கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் விளக்கைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நிறுத்தியிருப்பார், அந்த வெளிச்சத்தில் எந்த சென்சாரும் நல்ல சென்சார்தான். கல்யாணத்துக்காக மட்டும் ஒருவர் ஃபுல் ஃபிரேம் கேட்டு எழுதியிருந்தால், ஒரு நல்ல ஃபிளாஷ் வாங்குங்கள் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

சாமக்கொடை அப்படியில்லை. நடுச்சாமம், தீப்பந்தம், எங்கோ தூரத்தில் ஒரு டியூப்லைட், நையாண்டி மேளத்துக்குச் சாமி வந்து ஆடிவரும் கோமரத்தாடி. உங்களுக்கு வேண்டியது அவர் முகம் ஒன்று மட்டும். எஃப் 1.8-இல் திறந்தே எடுப்பீர்கள், ஆழம் குறைவது அங்கே நஷ்டமில்லை, பின்னால் தொங்குகிற சீரியல் பல்பு கரைவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆட்டம் உறைய ஷட்டர் 250-ல் ஒன்றுக்குக் கீழே போகக்கூடாது. ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. அடித்தால் தீப்பந்தத்தின் நிறமே செத்துவிடும். அதற்கும் மேலே, சாமி வந்து நிற்பவர் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது பல ஊர்களில் பிரச்சினையில் முடியும். (சில கோயில்களில் சாமக்கொடையைப் படம் எடுக்கவே விடமாட்டார்கள். மாலையே ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள்.) இப்படி அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஃபிளாஷ் இல்லாமல், ஷட்டரைக் குறைக்கவும் முடியாமல் நிற்கிற இடத்தில் பெரிய சென்சாரின் ஒரு ஸ்டாப் முழுசாகக் கைக்கு வரும்.

அது கைக்கு வர, அதே பார்வைக் கோணத்தில், அதே எஃப் எண்ணில் ஃபுல் ஃபிரேம் லென்ஸ் இருக்க வேண்டும். கேமரா கடையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. உங்கள் பையைத் திறந்து பாருங்கள். கொடையில் இப்போது 35 எஃப் 1.8-ஐத்தான் அதிகம் போட்டிருப்பீர்கள், ஏனென்றால் டி7200-இல் 50-உம் 85-உம் கூட்டத்துக்குள் நிற்க நெருக்கம். ஃபுல் ஃபிரேமில் அந்த 35-இன் இடத்தை உங்கள் 50 எஃப் 1.8 அப்படியே பிடித்துக்கொள்ளும். 85, கிராப்பில் 127 மாதிரி நடந்துகொண்டிருந்தது, தன் சொந்த வீட்டுக்கு வந்துவிடும். ஸ்டுடியோக்காரர் கொடுத்தது ஃபிலிம் கேமராவுக்குச் செய்த லென்ஸ், இத்தனை நாளும் நீங்கள் அதன் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஃபுல் ஃபிரேமில் அதன் ஓரங்களும் தெரியும், எஃப் 1.8-இல் ஓரம் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். கொடையில் ஓரமெல்லாம் இருட்டுதானே, யாருக்குத் தெரியப்போகிறது!

ஆக உங்களிடம் இருக்கும் ஐந்தில் 50, 85, 200-500 மூன்றும் ஃபுல் ஃபிரேம் லென்ஸ்கள். இந்த மூன்றும் இல்லாமல் 18-140, 35 மட்டும் வைத்துக்கொண்டு இதே கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால் என் பதில் தலைகீழாக இருந்திருக்கும். ஃபுல் ஃபிரேம் பாடியை வாங்கி, அதற்கு எஃப் 4 ஜூம் ஒன்றை மாட்டினால் கிடைக்கும் படமும், உங்கள் டி7200-இலேயே 17-50 எஃப் 2.8 மாட்டினால் கிடைக்கும் படமும் புள்ளியிலும் ஆழத்திலும் ஏறக்குறைய ஒன்று. சிக்மா 18-35 எஃப் 1.8 என்று கிராப் சென்சாருக்காகவே 2013-இல் ஒரு ஜூம் வந்தது. அதை டி7200-இல் போட்டால் ஃபுல் ஃபிரேமில் 27-52 எஃப் 2.7 போட்டதற்குச் சமம். பாடியை மாற்றி லென்ஸுக்குக் காசில்லாமல் நிற்கிறவரைவிட, பாடியை வைத்துக்கொண்டு இந்த லென்ஸை வாங்கினவர் நல்ல படம் எடுப்பார். இந்த இதழைப் படிக்கிற மற்ற தம்பிகள் இந்தப் பத்தியைத் தங்கள் பையோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளவும்.

உங்களுக்கு என் யோசனை: டி7200-ஐ வைத்துக்கொண்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு டி750 பாடி மட்டும் வாங்குங்கள். 2014-இல் வந்தது, 24 மெகாபிக்சல், உங்கள் மூன்று லென்ஸும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். டி7200-இல் போடும் அதே பேட்டரி, அதே எஸ்டி கார்டு, இரண்டு கார்டு ஸ்லாட். மெனுவும் கிட்டத்தட்ட அதேதான், இருட்டில் விரல் தடுமாறாது. கையில் மிச்சம் நிற்பதற்கு ஃபிளாஷ் ஒன்று.

மிரர்லெஸ் ஏன் வேண்டாம் என்கிறேன்? அது மட்டமான பொருள் என்பதால் அல்ல. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸும் பாடிக்குள்ளேயே இருக்கிற ஸ்டெபிலைசரும் நல்ல வசதிகள்தான். ஆனால் நிக்கானின் மிரர்லெஸ்ஸான இசட் பாடியில் பழைய லென்ஸை மாட்ட எஃப்டிஇசட் அடாப்டர் வேண்டும், அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. உங்கள் 50 ஜி-யும் 200-500-உம் ஓடும். 85 டி-க்குள் மோட்டார் இல்லை, பாடியிலிருக்கும் மோட்டார்தான் திருப்பி அதை ஓட்டுகிறது. டி7200-உம் டி750-உம் அந்த மோட்டார் உள்ளவை. இசட்-இல் 85-ஐக் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆடிவரும் கோமரத்தாடியை எஃப் 1.8-இல் கையால் பிடிக்க முயன்று பாருங்கள், பிறகு சொல்லுங்கள். ஸ்டெபிலைசரும் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், அவர் ஆட்டத்தை நிறுத்தாது. இன்னொரு லட்சம் சேர்ந்து, 85-ஐயும் மாற்ற முடிகிற நாளில் மிரர்லெஸ்ஸைப் பற்றிப் பேசுவோம்.

இரண்டு பாடி வேண்டும் என்று நான் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு, ஒருவேளை இதுதான் பெரிய காரணம். காசு வாங்கிக் கல்யாண வீடு எடுக்கிற ஆள் ஒரே பாடியோடு போகக் கூடாது. தாலி கட்டுகிற நேரத்தில் ஷட்டர் மாட்டிக்கொண்டால் மாப்பிள்ளையை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. கொடையிலோ, லென்ஸ் மாற்றுகிற வேலையே ஆபத்து. திருநீறு பறக்கும், பந்தத்துப் புகையும் மஞ்சள் தண்ணீரும் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. அதற்கு நடுவில் பாடியைத் திறந்தால் சென்சார் மேல் சாம்பல் உட்காரும். டி750-இல் 50-ஐயும் டி7200-இல் 85-ஐயும் மாட்டிக்கொண்டு போனால், ஒன்று கூட்டத்துக்கு, ஒன்று முகத்துக்கு, ராத்திரி முழுக்க எதையும் கழற்ற வேண்டியதில்லை. இருட்டு அதிகமான சமயத்தில் மட்டும், கோயிலை விட்டு ஒதுங்கி வந்து இரண்டு லென்ஸையும் பாடி மாற்றி மாட்டிக்கொள்ளுங்கள்.

டி750 வாங்கினபின் ஒன்று கையில் இடிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டி7200-இல் ஃபோகஸ் புள்ளிகள் 51-உம் வ்யூஃபைண்டரில் அகலமாகப் பரவியிருக்கும். டி750-இலும் 51தான், ஆனால் பெரிய சட்டத்தின் நடுவில் கூட்டமாக ஒடுங்கிக் கிடக்கும். முகத்தை ஓரத்தில் வைத்துச் சட்டம் கட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அங்கே புள்ளி இருக்காது. நடுவில் பிடித்துவிட்டு நகர்த்தினால் எஃப் 1.8-இல் ஃபோகஸ் தவறும். கொஞ்சம் தள்ளி எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வதுதான் வழி. ஷட்டரும் 4000-ல் ஒன்றோடு நிற்கும், உங்களுடையது 8000 வரை போகும். ஆனித் தேருக்கு உச்சி வெயிலில் ரத வீதியில் எஃப் 1.8-இல் எடுக்க நினைத்தால்தான் இது தட்டும், அப்படி எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

டிஎக்ஸ் லென்ஸ், அதாவது கிராப் சென்சாருக்கென்று செய்த லென்ஸ், இரண்டையும் என்ன செய்வது? 18-140-ஐ டி750-இல் மாட்டினால் பாடியே கண்டுகொண்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், படம் 10 மெகாபிக்சலாகச் சுருங்கும். பயந்துவிட வேண்டாம். 12-க்கு 36 அங்குல ஆல்பத்தில் ஒரு பக்கம் (12-க்கு 18) முழுக்க அந்தப் படத்தை வைத்தாலும் அங்குலத்துக்கு 218 பிக்சல் நிற்கும், ஆல்பம் பார்க்கிற எவரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். அவசரத்துக்கு ஆகும். ஆனாலும் அது டி7200-இலேயே இருப்பதுதான் முறை. சடங்கு வீட்டில் சின்ன அறையில் 18 மி.மீ. வேண்டுமே. 35 டிஎக்ஸ் கொஞ்சம் சுவாரஸ்யமான லென்ஸ். மெனுவில் டிஎக்ஸ் கிராப்பை அணைத்துவிட்டு டி750-இல் போட்டுப் பாருங்கள், மூலை நான்கும் கறுக்கும், மற்ற இடமெல்லாம் நன்றாகவே நிரம்பும். கொடையில் கூட்டத்தை அகலமாகப் பிடிக்க அது போதும் என்பது என் அபிப்பிராயம். பிறகு காசு சேரும்போது 24-120 எஃப் 4 அல்லது 24-85 ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே வேண்டாம்.

கேனன் வைத்திருக்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நிக்கானில் சொன்ன இந்த அவசர வழி கேனன் டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி உள்ள கேமராக்கள்) இல்லை. கிராப் சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது, வலிந்து மாட்டினால் கண்ணாடி இடிக்கும். அவர்களுடைய ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் அடாப்டர் வழியாக இஎஃப், இஎஃப்-எஸ் இரண்டும் ஓடும். ஆகவே கேனன்காரர்களுக்கு மிரர்லெஸ் பக்கம் போவது நிக்கான்காரர்களைவிடச் சுலபம்.

பழைய டி750 வாங்கப் போகும்போது உங்கள் 85-ஐக் கையோடு எடுத்துப் போங்கள். அதை மாட்டி, பத்து முறை தூரத்துக்கும் கிட்டத்துக்குமாக ஃபோகஸ் செய்து பாருங்கள், பாடி மோட்டார் நலமா என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். 1,50,000 வரை தாங்கும் என்று நிக்கான் சோதித்துச் சொன்ன ஷட்டர் அது, ஒரு லட்சத்தைத் தாண்டியதென்றால் விலையில் அதைக் காட்டச் சொல்லுங்கள். முதல் சில வருடத் தயாரிப்புகளில் ஷட்டர் குறைக்காக நிக்கான் இலவசமாக மாற்றிக் கொடுத்தது உண்டு. சீரியல் எண்ணை வைத்து, அந்த மாற்றம் செய்யப்பட்டதா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், எண்ணெய்ப் புள்ளி இருந்தால் தெரியும். இரண்டு கார்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டுச் சோதியுங்கள். ரப்பர் பிடி உப்பிப்போய் வழுவழுவென்று இருந்தால் அதுபற்றிக் கவலை வேண்டாம், அது மாற்றக்கூடிய சாமான்.

வாங்கின கையோடு வேலைக்குக் கொண்டு போகாதீர்கள். டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு பாடிக்கும் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஃபோகஸ் கொஞ்சம் முன்னே பின்னே விழும், எஃப் 1.8-இல் அது அப்பட்டமாகத் தெரியும். ட்ரைபாடில் வைத்து, சுவரில் ஒட்டிய செய்தித்தாளை எடுத்து, மெனுவிலுள்ள ஏஎஃப் ஃபைன் ட்யூனில் 50-க்கும் 85-க்கும் தனித்தனியாகத் திருத்திப் பதிந்து வையுங்கள். டி7200-இலும் அந்த மெனு உண்டு. 200-500-க்கு அதைச் செய்திருக்கிறீர்களா? செய்யவில்லையென்றால், உங்கள் வாத்து மங்கலாக வருவதற்குக் கானலோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டி750-க்குக் காசு கொடுப்பதற்கு முன்னாலேயே அதைப் பார்த்துவிடுங்கள், அதற்குச் செலவே இல்லை.